ஏரி நீரிலிருந்து வீட்டுக்கு வெப்பம்: குழாய் அமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கு ஒருநாளும் வருவதில்லை. ஆனால் நம்மில் பலருடைய உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் கனடாவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒண்டாரியோவில் ஏரிக்கரையோரம் வீடு வாங்குகிறார்கள். அப்போது, “அண்ணே, நீங்க பைப் வேலையிலதானே இருக்கீங்க, இந்த டிராயிங்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து சேர்கிறது. இங்கே குளிர்நீர்க் குழாய்களிலும் பிளாஸ்டிக் குழாய் இணைப்பிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் அந்தப் படத்தைச் சரியாகப் படிக்கவும், அங்கே இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தக்காரரிடம் சரியான கேள்விகளைக் கேட்கவும் இந்த வழிகாட்டி உதவ வேண்டும் என்பது என் விருப்பம். ஏரியிலிருந்து எடுத்த வெப்பத்தை வீட்டுக்குள் ஏற்றும் ஹீட் பம்ப் எந்த நிறுவனத்துடையது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். அந்தப் பெட்டியைப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மாற்றிக்கொள்ளலாம். ஏரியின் அடியில் இறக்கிய குழாயை அப்படி எளிதில் மாற்ற முடியாது. கவனம் முழுவதும் அங்கேதான் தேவை.

அடிப்படை

நம் கட்டடங்களில் சில்லர் எனும் நீர்க்குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து புறப்படும் குளிர்நீர் 6 அல்லது 7 டிகிரி செல்சியஸில் இருக்கும். உறைந்த ஏரியின் அடியில் உள்ள நீர் அதைவிடக் குளிர்ந்தது, சுமார் 4 டிகிரி. அந்த நீரிலிருந்தே வெப்பத்தை எடுத்து வீட்டை 21 டிகிரியில் வைத்திருக்க முடியும் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். வேலை என்னவோ நம் குளிரூட்டி செய்யும் அதே வேலைதான்: ஓரிடத்தில் வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் விடுகிறது. இங்கே எடுக்குமிடம் ஏரி, விடுமிடம் வீடு. இது புதிய உத்தியும் அன்று. சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-ஆம் ஆண்டிலேயே லிம்மாட் ஆற்று நீரிலிருந்து ஹீட் பம்ப் வழியே வெப்பம் எடுத்திருக்கிறார்கள்.

ஏரியின் அடிநீர் ஏன் 4 டிகிரியில் நிற்கிறது? நன்னீரின் அடர்த்தி அந்த வெப்பநிலையில்தான் உச்சத்தில் இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே ஏறி, அங்கே பனிக்கட்டியாக உறைகிறது. கனமான 4 டிகிரி நீர் கீழே தங்குகிறது. டொராண்டோ நகரம் 2004 முதல் ஒண்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் நீரைக் கட்டடங்களைக் குளிரூட்டப் பயன்படுத்துகிறது. அந்த நீரும் ஏறத்தாழ 4 டிகிரிதான்.

இந்த வழிகாட்டி மூடிய சுற்றைப் பற்றியது: ஏரி நீர் வீட்டுக்குள் வராது, குழாய்க்குள் ஓடும் உறைதடுப்புத் திரவம் மட்டுமே போய் வரும். ஏரி நீரையே இறைத்து ஹீட் பம்புக்குள் விடும் திறந்த சுற்றும் உண்டு. ஆனால் 4 டிகிரி நீரிலிருந்து சில டிகிரி எடுத்தவுடன் அது உறைநிலைக்கு அருகில் வந்துவிடும் என்பதால், குளிர் மிகுந்த நாட்டில் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

முதற்படி: தேவையைக் கணக்கிடுதல்

வீட்டின் வெப்ப இழப்பை முறைப்படி கணக்கிட்டு வாங்குங்கள். தரைப்பரப்பை மட்டும் வைத்து ஊகிக்க விடாதீர்கள். இனி வரும் படிகள் எல்லாவற்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 14 கிலோவாட் வெப்பம் தேவை, அதாவது நம் தொழிலில் சொல்லும் 4 டன். ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்றரைப் பங்கு வெப்பம் தருகிறது என்றால், 4 கிலோவாட் மின்சாரத்திலிருந்து வருகிறது, மீதி 10 கிலோவாட்டை ஏரி தர வேண்டும். குழாயின் அளவைத் தீர்மானிப்பது இந்த 10 கிலோவாட்தான்.

இரண்டாம் படி: ஏரியை அளத்தல்

ஒரு சாதாரண வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 சதுர மீட்டராவது பரப்புள்ள நீர்நிலை வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. பெரிய ஏரி என்றால் பரப்பைப் பற்றிக் கவலை இல்லை. ஆழம் அப்படி அன்று. ஆண்டிலேயே நீர்மட்டம் மிகக் குறைந்திருக்கும் காலத்திலும், ஏரியடியில் சுருளாக இறக்கும் குழாய்களுக்கு மேல் 2.5 முதல் 3 மீட்டர் நீர் நிற்க வேண்டும். கோடையில் படகில் போய் அளந்த ஆழத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அணை கட்டிய ஏரிகளில் குளிர்காலத்துக்கு முன் நீர்மட்டத்தை வேண்டுமென்றே இறக்குவது உண்டு. அக்கம்பக்கத்தில் நெடுநாள் குடியிருப்பவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

அடித்தளம் எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். மணலும் கூழாங்கல்லும் நல்லவை. முழங்கால் ஆழச் சேறு இருந்தால் சுருள் அதில் புதைந்து, சுற்றிலும் நீர் ஓட்டம் இல்லாமல் போய்விடும். முடிந்தால் ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த இடத்தில் வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றை இறக்கி வையுங்கள். ஆழம் குறைந்த, காற்று அலைக்கழிக்கும் ஏரிகளில் அடிநீர் 4 டிகிரியில் நிற்காமல் 2 டிகிரிக்கும் இறங்கலாம். அந்த 2 டிகிரி வேறுபாடு முழுக் கணக்கையும் மாற்றும்.

அனுமதியை இந்தக் கட்டத்திலேயே விசாரித்து வைப்பது நல்லது. நம் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகத்தைக் கேட்காமல் எதையும் இறக்க முடியாது. கனடாவிலும் ஏரியின் அடித்தளம் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குச் சொந்தமன்று, மீன்களின் வாழிடத்தைப் பாதுகாக்கும் கூட்டரசுச் சட்டமும் உண்டு. வடிவமைப்புக்கும் நிறுவலுக்கும் அங்கே சிஎஸ்ஏ சி448 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி வேலை செய்வாரா என்று ஒப்பந்தக்காரரிடம் நேராகவே கேளுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு குழாய், எந்த விட்டம்

குழாய் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்), அழுத்த வகை எஸ்டிஆர் 11 (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப் போல் 11 மடங்கு). ஏரியில் இறக்கும் சுற்றுக்கு ஒரு டன்னுக்கு 90 முதல் 150 மீட்டர் வரை குழாய் இடுவது வழக்கம். குளிர் கூடிய இடங்களில் மேல் எல்லையை ஒட்டிச் செல்வார்கள். நம் எடுத்துக்காட்டில் டன்னுக்கு 120 மீட்டர் வீதம் நான்கு சுருள்கள், மொத்தம் 480 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மீட்டர் குழாயும் சுமார் 21 வாட் வெப்பத்தை நீரிலிருந்து இழுக்க வேண்டும்.

பெரிய குழாய் போட்டால் நல்லதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். எண்களைப் பார்ப்போம். டன்னுக்கு நிமிடத்துக்கு 11.4 லிட்டர் ஓட்டம் என்பது வழக்கமான அளவு. முக்கால் அங்குல எஸ்டிஆர் 11 குழாயின் உள்விட்டம் 21.8 மில்லிமீட்டர், அதில் ஓட்ட வேகம் நொடிக்கு அரை மீட்டர் ஆகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்புப் பொருள் 20 விழுக்காடு கலந்த திரவம் உறைநிலைக்கு அருகில் தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் குழகுழப்பானது. அதைக் கணக்கில் கொண்டால், ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 2,800 அளவில் வருகிறது, அதாவது கொந்தளிப்பு ஓட்டம் தொடங்கும் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. அதே ஓட்டத்தை ஓர் அங்குலக் குழாயில் விட்டால் எண் 2,200-க்கு இறங்கி, திரவம் அடுக்கடுக்காக அமைதியாக நகரும்; குழாய்ச் சுவரை ஒட்டிய அடுக்கு மட்டும் வெப்பம் பெறும், நடுவில் ஓடுவது வந்தபடியே திரும்பிப் போகும். முக்கால் அங்குலத்துக்கு நாம் கொடுக்கும் விலை அழுத்த இழப்பு: 120 மீட்டர் சுருளில் ஏறத்தாழ 3 மீட்டர் நீர் உயரம். ஒரு சிறிய சுழற்சிப் பம்புக்கு இது தாங்கக்கூடிய சுமையே. இதைக் கணக்கிடும்போது ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த திரவத்தின் குழகுழப்பை எடுக்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரை வைத்துப் போட்ட கணக்கு இங்கே செல்லாது.

நான்காம் படி: சுருளின் வடிவம்

குழாய் கடையிலிருந்து வரும்போது இறுக்கமான சுருளாக வரும். அதை அப்படியே கயிறு கட்டி ஏரியில் போடுவது மிகப் பெரிய தவறு. 4 டிகிரிக்கு அருகில் உள்ள நீர் சற்றுக் குளிர்ந்தாலும் அதன் அடர்த்தி ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகையால் குழாயைச் சுற்றித் தானாக எழ வேண்டிய நீரோட்டம் மிகவும் மந்தமாகவே இருக்கும். சுருள்கள் நெருங்கியிருந்தால் நடுவில் சிக்கிய நீர் 0 டிகிரிக்கு இறங்கி உறைந்து, கடைசியில் முழுச் சுருளும் ஒரே பனிக்கட்டியாகிவிடும்.

எனவே சுருளைப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குழாய்த் துண்டுகளோ பிளாஸ்டிக் இடைவெளித் துண்டுகளோ வைத்து, தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு வெயிலையும் நீரையும் தாங்கும் நைலான் பட்டைகளே ஏற்றவை. கம்பி வேண்டாம், அது துருப்பிடிப்பதற்கு முன்பே குழாயை அறுக்கத் தொடங்கும். இன்னொரு வடிவம், வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி தட்டையாகப் பரப்பி ஒரு வலைச்சட்டத்தில் கட்டுவது. இதற்கு இடம் அதிகம் தேவை. ஆனால் எல்லாச் சுற்றுகளும் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால், இடம் இருந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். எந்த வடிவமானாலும் அடித்தளத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி கீழே தாங்கி வையுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளாலான வெப்பமாற்றிகளும் கிடைக்கின்றன; அவற்றுக்கு இடம் குறைவு, விலை கூடுதல்.

ஐந்தாம் படி: இணைச் சுற்றும் திரும்பு வரிசையும்

480 மீட்டரையும் ஒரே தொடராகப் போட்டால் பம்ப் தாங்காது. ஆகவே நான்கு சுருள்களும் இணையாக ஒரு ஹெடரில் (பல குழாய்கள் கிளைக்கும் பொதுக் குழாயில்) சேர வேண்டும். அவற்றில் ஓட்டம் சமமாகப் பிரியவில்லையென்றால், ஓட்டம் குறைந்த சுருள் மற்றவற்றைவிடக் குளிர்ந்து, பனி படிந்து, மேலும் பயனற்றுப் போகும். நீருக்கடியில் பேலன்சிங் வால்வு வைத்துச் சரிசெய்ய வழியில்லை. சமநிலையை வடிவமைப்பிலேயே கொண்டுவர வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நம் குளிர்நீர் வேலையில் தெரிந்த ரிவர்ஸ் ரிட்டர்ன் முறையில், விநியோக ஹெடரில் முதலாவதாகத் திரவம் பெறும் சுருள் திரும்பு ஹெடரில் கடைசியாகச் சேரும். எந்தச் சுருள் வழியாகப் போனாலும் திரவம் நடக்கும் தொலைவு ஒன்றே. மற்ற வழி, கரையோரம் ஒரு மேனிஃபோல்டு (எல்லாச் சுருள்களும் வந்து சேரும் இணைப்புத் தொகுதி) வைத்து, ஒவ்வொரு சுருளின் இரு முனைகளையும் அதுவரை சம நீளத்தில் கொண்டுவருவது. இதில் குழாய் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒரு சுருள் பழுதானால் அதை மட்டும் அடைத்துவிட்டு மற்ற மூன்றையும் ஓட்டலாம். இரண்டு முறைகளிலும் சுருள்களின் நீளம் சமமாக இருக்க வேண்டும். மிச்சக் குழாய் இருக்கிறது என்று ஒரு சுருளை மட்டும் 140 மீட்டராக்கிவிடாதீர்கள்.

முதன்மைக் குழாய்க்கு ஒன்றேகால் அங்குலம் போதும்: நான்கு சுருள்களிலும் நிமிடத்துக்கு ஓடும் 46 லிட்டரும் சேர்ந்தால் அதில் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். வீடு கரையிலிருந்து தள்ளியிருந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு மாறுங்கள்.

ஆறாம் படி: கரையைக் கடத்தல்

நல்ல சுருள்கள்கூட கரையோரத்தில் கோட்டைவிட்ட வேலையால் வீணாகும். ஏரிப் பனிக்கட்டி அசையாமல் கிடப்பதில்லை. காற்றாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் நகர்ந்து கரையை நெருக்கித் தள்ளும். ஆகவே குழாய்கள் வீட்டிலிருந்து பள்ளத்திலேயே வந்து, நீருக்குள்ளும் பனிக்கட்டியின் அடிமட்டத்தைத் தாண்டிய பிறகுதான் வெளியே தலைகாட்ட வேண்டும். தென் ஒண்டாரியோவில் நிலம் உறையும் ஆழமாக 1.2 மீட்டரைக் கொள்கிறார்கள். பள்ளம் அதற்குக் கீழே போகட்டும். போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒட்டி வைக்காமல் 60 சென்டிமீட்டராவது பிரித்து வையுங்கள். ஒட்டி வைத்தால் ஏரியில் பெற்ற வெப்பத்தைத் திரும்பும் வழியிலேயே மற்றக் குழாய் உறிஞ்சிவிடும். குழாயைச் சுற்றி முதலில் மணல், அதன் மேல் மண். கூர்ங்கற்கள் உள்ள இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போடுங்கள்.

எச்டிபிஇ வெப்பத்துக்கு நன்றாக நீண்டு சுருங்கும். 100 மீட்டர் குழாய் 20 டிகிரி குளிர்ந்தால் 30 முதல் 40 சென்டிமீட்டர் குறுகும். வெயிலில் நேர்கோடாக இழுத்துப் புதைத்தால், குளிர்காலத்தில் அந்த இழுவை முழுவதும் மூட்டுகளின் மேல் விழும். பள்ளத்தில் பாம்பு போல இலேசாக வளைத்து விடுங்கள்.

ஏழாம் படி: மூட்டுகள்

நிலத்துக்கடியிலும் நீருக்கடியிலும் உருக்கி இணைத்த மூட்டுகள் மட்டுமே இருக்கலாம். கிளாம்ப், திருகு இணைப்பு எதுவும் கூடாது. துவாஸிலும் ஜூரோங்கிலும் பிளாஸ்டிக் குழாய் வேலை செய்தவர்களுக்கு ஃபியூஷன் புதிதன்று. ஆனால் கனடாவில் காற்று குளிர்ந்தது. சூடாக்கும் தகட்டின் வெப்பத்தைக் காற்று பறித்துவிடும். அதற்காக வெப்பநிலையைக் கூட்டக் கூடாது. குழாய் முனையை இணைப்புக்குள் செருகி உருக்கும் சாக்கெட் ஃபியூஷனுக்கு 260 டிகிரி அளவு என்றால் அதுவே எல்லா நாளும். கூடாரம் போட்டுக் காற்றைத் தடுத்து, குழாய் முனையின் ஈரத்தைத் துடைத்து, உருகிய விளிம்பு முறைப்படி திரண்ட பிறகு இணைக்க வேண்டும். இரு குழாய் முனைகளை நேருக்கு நேர் உருக்கி ஒட்டும் பட் ஃபியூஷனில் இரு பக்கமும் உருண்டு மடங்கிய மணிவிளிம்பு சுற்றிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தால் குழாய்கள் நேராக நிற்கவில்லை என்று பொருள். அந்த மூட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

அழுத்தச் சோதனையைக் கரையிலேயே, தண்ணீரை நிரப்பிச் செய்யுங்கள். அழுத்திய காற்றில் சோதிப்பது ஆபத்து. அழுத்தம் ஏற்றியவுடன் மானி சற்று இறங்கும். பாலிஎதிலீன் இலேசாக விரிவதால் அப்படி நேரும், அது கசிவன்று. மீண்டும் ஏற்றிவிட்டு, அது நிலைக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: எடையும் மூழ்கலும்

எச்டிபிஇ நீரைவிடச் சற்று இலேசானது. நம் 480 மீட்டர் குழாய்க்குள் காற்று மட்டும் இருந்தால் சுமார் 180 கிலோ மேல்நோக்கித் தூக்கும். திரவம் நிறைந்தால் அந்தத் தூக்கு விசை ஏறக்குறைய இல்லாமலே போகும். இந்த வேறுபாடுதான் வேலையை எளிதாக்குகிறது: காலியான சுருள்களைப் படகால் இழுத்து உரிய இடத்துக்கு மேல் நிறுத்திவிட்டு, ஒரு முனையில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் அவை தாமாகவே இறங்கும்.

இதைக் கண்டு எடையே வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு. அடிநீர் 2 டிகிரிக்கு இறங்கும் குளிர்காலத்தில் குழாயின் மேல் பனி படியும். 2 சென்டிமீட்டர் தடிமன் படிந்தால் 480 மீட்டருக்கு 1.4 கனமீட்டர் பனிக்கட்டி. ஒவ்வொரு கனமீட்டரும் 83 கிலோ தூக்கும், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 117 கிலோ. நீருக்குள் கான்கிரீட்டின் எடை தரையில் இருப்பதில் ஆறு பங்கில் மூன்றரைப் பங்குதான். அப்படியானால் தரையில் எடை போட்டு 200 கிலோ கான்கிரீட் வேண்டும், சுருள் ஒன்றுக்கு 50 கிலோ. கட்டிகளைச் சுருளின் சட்டத்தில், நான்கு மூலைகளிலும் கட்டுங்கள். குழாயின் மேலேயே வைத்தால் கூர்முனை உராயும். கரையிலிருந்து சுருள் வரை செல்லும் குழாய்களுக்கும் இடையிடையே எடை தேவை.

ஒன்பதாம் படி: காற்றை வெளியேற்றுதல்

இணைச் சுற்றில் காற்றுக் குமிழி சிக்கிய சுருளில் ஓட்டமே நின்றுவிடலாம். குமிழியை அடித்துக்கொண்டு போக ஒவ்வொரு குழாயிலும் நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். நான்கு சுருள்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 54 லிட்டர் ஆகிறது; இது இயல்பான ஓட்டத்தைவிடக் கூடுதல். ஆகவே வீட்டுச் சுழற்சிப் பம்பால் முடியாது, தனிப் பெரிய பம்பும் தொட்டியும் கொண்டுவர வேண்டும். தொட்டியில் குமிழி வருவது நின்ற பிறகும் திசையை மாற்றி ஓட்டிப் பாருங்கள். கடைசியில் திரும்பும் வழியை அடைத்து அழுத்தம் ஏற்றும்போது தொட்டியின் நீர்மட்டம் சட்டென இறங்கினால், உள்ளே இன்னும் காற்று அமுங்கிக்கொண்டிருக்கிறது.

உறைதடுப்புத் திரவத்தை அதன் பிறகே கலக்க வேண்டும். எத்திலீன் கிளைக்கால் நச்சு. மீன் வாழும், மக்கள் குடிக்கும் நீரில் அதற்கு இடமில்லை. உணவுத் தரப் புரோப்பிலீன் கிளைக்காலைக் கேளுங்கள். 20 விழுக்காட்டுக் கலவை மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும். நம் எடுத்துக்காட்டில் சுற்று முழுவதிலும் ஏறத்தாழ 235 லிட்டர் திரவம் இருப்பதால், கிட்டத்தட்ட 50 லிட்டர் கிளைக்கால் போதும்.

பத்தாம் படி: வீட்டுக்குள்

இது நமக்குப் பழகிய இடம். வீட்டுக்குள் நுழையும் குழாயில் 0 டிகிரிக்கு அருகில் திரவம் ஓடுகிறது, அறை 21 டிகிரியில் இருக்கிறது. உறையில்லாத குழாய் நம் ஊர்க் குளிர்நீர்க் குழாய் போலவே வியர்த்துச் சொட்டி, சுவரைப் பூஞ்சை பிடிக்கச் செய்யும். மூடிய நுண்ணறை ரப்பர் உறையை மூட்டு, வால்வு, பம்பின் உடல் என ஓரிடமும் விடாமல் ஒட்டுங்கள். ஹீட் பம்பின் இரு பக்கமும் அழுத்தமும் வெப்பநிலையும் பார்க்கும் துளைகள் இருக்கட்டும். குளிர்காலத்தில் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையிலான வேறுபாடு 3 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அது 5, 6 என்று விரிந்தால் ஓட்டம் குறைந்துவிட்டது. முதலில் வடிகட்டியையும் பிறகு காற்றையும் பாருங்கள்.

பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து, வீட்டு மூலையிலிருந்து அதன் தொலைவையும் ஆழத்தையும் வரைபடத்தில் எழுதுங்கள். சுருள்களின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் எண்களாகக் குறித்து, அங்கே நங்கூரம் போட வேண்டாம் என்று கரையில் பலகை வையுங்கள். கிளைக்காலின் அளவு, முதல் நாள் அழுத்தம், முதல் குளிர்காலத்தின் வெப்பநிலைகள் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதி, ஹீட் பம்பின் கதவுக்குள் ஒட்டி வைத்துவிட்டு, ஒரு படியைச் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை கேள்வி வரும்போது அவர் அந்த எண்களிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம்.